ஜன்னலை மாற்றுமுன்...



பில்டிங் கன்ஸ்ட்ரக்‌ஷன் பேப்பரில், "ஜன்னல்களின் வகைகள் யாவை? ஏதேனும் இரண்டினைப் படத்துடன் விளக்குக" என்றொரு கேள்வி அடிக்கடி வரும். நாமும் கேஸ்மென்ட், லூவர்டு என்று சுலபமான இரண்டைப் போட்டு மார்க்கை வாங்கிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். அதே பட்டியலில் டபுள் ஹங் ஜன்னல் என்று ஒன்று இருக்கிறதே, அந்தப் பக்கம் யாரும் போகமாட்டோம். படம் போடுவது கஷ்டம், நம் ஊரில் கண்ணில் படுவதும் அரிது.

ஆனால் அமெரிக்காவின் பழைய நகரங்களில் அந்த ஜன்னலைக் காப்பதற்கென்றே விதிமுறைகள் இருக்கின்றன, அதை விசாரிக்க போர்டு இருக்கிறது. சொந்த வீட்டில், சொந்தக் காசில், சொந்த ஜன்னலை மாற்றுவதற்கு வீட்டுக்காரர் மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும்!

"இதென்னப்பா அநியாயம்? என் வீடு, என் ஜன்னல்!" என்றுதான் யாருக்கும் கேட்கத் தோன்றும். உள்ளே புகுந்து பார்த்தால், இது வெறும் சட்டப் பிரச்சினை இல்லை. நம் எஸ்டிமேட் பாடமும், தச்சு வேலைப் பாடமும், அப்ளைடு மெக்கானிக்ஸும் ஒன்றாகச் சந்திக்கிற இடம் என்று தெரிந்தது. நான் படித்துத் தெரிந்துகொண்டதை ஒரு பாடமாக இங்கே தருகிறேன்.

1. சட்டம் வந்த கதை

அமெரிக்காவின் தென்கரோலினா மாநிலத்தில் சார்ல்ஸ்டன் என்று ஒரு துறைமுக நகரம். 1920-களில் மோட்டார் கார் பெருகியபோது, பெட்ரோல் பங்க் வைப்பதற்காக அங்கே பழைய வீடுகளை இடிக்க ஆரம்பித்தார்கள். ஊர் மக்கள் விழித்துக்கொண்டார்கள். 1931-ல் அந்த நகராட்சி, பழைய தெருக்கள் அடங்கிய பகுதியை எல்லை கட்டி, அங்கே கட்டடங்களின் வெளித்தோற்றத்தை மாற்றுவதானால் ஒரு போர்டின் அனுமதி வேண்டும் என்று விதி செய்தது. தனியொரு கட்டடத்தை அல்லாமல் ஒரு பகுதி முழுவதையும் இப்படிக் காக்கும் நகர விதி அந்த நாட்டிலேயே அதுதான் முதல்.

பாஸ்டன் நகரின் பீக்கன் ஹில் பகுதிக்கு 1955-ல் இத்தகைய பாதுகாப்பு வந்தது. நியூயார்க்கில் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963-ல் இடிக்கத் தொடங்கியபோது எழுந்த கோபம், 1965-ல் அந்நகரத்துக்கு ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தது. மத்திய அரசின் பாரம்பரியப் பாதுகாப்புச் சட்டம் 1966-ல் வந்தது. 1978-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே, நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் நிலைய வழக்கில், இப்படிக் கட்டுப்பாடு விதிக்க நகரத்துக்கு உரிமை உண்டு என்று சொல்லிவிட்டது.

இதில் பலர் குழப்பிக்கொள்ளும் ஒரு விஷயம் உண்டு. தேசியப் பதிவேட்டில் ஒரு வீட்டின் பெயர் இருப்பதால் மட்டும், சொந்தக் காசில் வேலை செய்யும் தனியாரின் கையை யாரும் பிடிப்பதில்லை. பிடிப்பது உள்ளூர் விதிதான். அதன்படி வேலை தொடங்குமுன் "பொருத்தச் சான்றிதழ்" வாங்க வேண்டும். வேலை பொருத்தமானது என்று போர்டு தரும் சான்று அது.

போர்டு எதை வைத்து முடிவு செய்கிறது? பல ஊர்களில் அடிப்படையாக இருப்பது, உள்துறைச் செயலர் பெயரால் வழங்கும் 10 நெறிகள். நமக்கு வேண்டியது ஆறாவது நெறி. அதன் சாரம் இவ்வளவுதான்: பழுதடைந்ததைப் பழுதுபார்; பழுதுபார்க்க முடியாத அளவுக்குக் கெட்டிருந்தால் மட்டும் மாற்று; மாற்றினால், வடிவிலும் நிறத்திலும் தோற்றத்திலும், முடிந்தவரை பொருளிலும் பழையதைப் போலவே வை.

முதலில் பழுதுபார்ப்பு, பிறகே மாற்றம். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாடமே இதுதான்.

2. ஜன்னலுக்கு ஏன் இத்தனை மரியாதை?

முகத்துக்குக் கண் எப்படியோ, வீட்டு முகப்புக்கு ஜன்னல் அப்படி. அதோடு ஜன்னல் ஒரு காலண்டரும்கூட. அந்தக் காலத்தில் பெரிய கண்ணாடி செய்வது கடினம், விலையும் அதிகம். ஆகவே சின்னச் சின்னக் கண்ணாடிகளை க்ளேசிங் பார் வைத்துச் சேர்த்தார்கள். 18-ஆம் நூற்றாண்டு வீட்டில் மேலே 9 கீழே 9, அல்லது மேலே 12 கீழே 12 என்று கண்ணாடிகளைக் காணலாம். 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஆறுக்கு ஆறு பரவலானது. பிறகு கண்ணாடி மலிந்து பெரிதானதும் இரண்டுக்கு இரண்டு, கடைசியில் ஒன்றுக்கு ஒன்று. தெருவில் நின்று கண்ணாடிகளை எண்ணினாலே வீட்டின் வயது ஏறக்குறையத் தெரிந்துவிடும்!

கண்ணாடியிலும் வரலாறு இருக்கிறது. இன்று நாம் வாங்கும் ஃப்ளோட் கண்ணாடியின் தயாரிப்பு முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959-ல்தான் அறிவித்தது. அதற்கு முந்தைய பல கண்ணாடிகள் வாயால் ஊதிச் செய்தவை. லேசான அலை இருக்கும், குமிழி இருக்கும். பழைய கண்ணாடி மெதுவாக வழிந்து இறங்குவதால்தான் அடியில் தடிமனாக இருக்கிறது என்று ஒரு கதை உலவுகிறது. அது தவறு. செய்யும்போதே தடிமன் சீராக வராததுதான் காரணம்.

பீக்கன் ஹில்லில் சில வீட்டு ஜன்னல்களில் கண்ணாடி இளம் ஊதா நிறமாக இருக்கும். 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்திலிருந்து வந்த கண்ணாடி அது. கலவையில் இருந்த மாங்கனீஸ் சேர்மம், ஆண்டுக்கணக்கில் வெயில் பட்டதில் ஊதாவாக மாறிவிட்டது. அன்றைக்கு அது சரக்கில் இருந்த குறை. இன்றைக்கு அந்தத் தெருவின் பெருமை! சட்டத்தோடு கழற்றி லாரியில் போட்டால், 200 வருட வெயிலை எந்தக் கடையில் போய் வாங்குவது?

3. டபுள் ஹங் ஜன்னல் வேலை செய்யும் விதம்

சுவரில் பதிந்த நிலைக்குள் இரண்டு கண்ணாடிச் சட்டங்கள் இருக்கும். ஒன்று மேலே, ஒன்று கீழே. இரண்டும் தனித்தனிப் பள்ளத்தில் மேலும் கீழும் நகரும். ஒவ்வொரு சட்டத்தின் இரு பக்கத்திலும் கயிறு கட்டி, அதை நிலையின் மேற்பகுதியில் உள்ள கப்பி வழியாக விட்டு, நிலைக்குப் பின்னால் மறைந்திருக்கும் பெட்டிக்குள் ஓர் இரும்பு எடையைத் தொங்கவிட்டிருப்பார்கள். நம் கிணற்று ராட்டினம் போலத்தான், எடையோடு எடை சமன்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். கண்ணாடியின் பரப்பு 0.80 மீ × 0.75 மீ = 0.60 ச.மீ. 3 மி.மீ. கண்ணாடிக்கு ச.மீட்டருக்கு 7.5 கிலோ வீதம் 4.5 கிலோ. மரம் 4 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 8.5 கிலோ. இரண்டு எடைகள் என்பதால் சமநிலைக்கு ஒவ்வொன்றும் 4.25 கிலோ.

ஆனால் அனுபவசாலித் தச்சர் அப்படியே வைக்கமாட்டார். மேல் சட்டத்துக்கு எடையைக் கொஞ்சம் கூட்டி வைப்பார், அது இறங்காமல் மேலேயே ஒட்டி நிற்க. கீழ்ச் சட்டத்துக்குக் கொஞ்சம் குறைத்து வைப்பார், அது அழுத்தமாக மூடிக்கொள்ள. எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்!

வெயில் காலத்தில் மேல் சட்டத்தைக் கொஞ்சம் இறக்கி, கீழ்ச் சட்டத்தைக் கொஞ்சம் ஏற்றினால், மேலே சூடான காற்று வெளியேறும், கீழே குளிர்ந்த காற்று நுழையும். கரண்ட் இல்லாத காலத்து எக்ஸாஸ்ட் ஃபேன்!

4. ஜன்னலைப் பரிசோதிப்பது எப்படி?

"சார், ஜன்னல் போயிடுச்சு, மாத்திடுங்க" என்று வீட்டுக்காரர் சொல்வார். போய்விட்டதா என்று முடிவு செய்ய வேண்டியவர் நாம். போர்டும் அதைத்தான் கேட்கிறது: ஒவ்வொரு ஜன்னலுக்கும் எண் கொடு, போட்டோ எடு, பாகம் பாகமாக நிலைமையை எழுது.

முதலில் பார்க்க வேண்டியவை, கீழ்ச் சட்டத்தின் அடிக்கட்டையும் வெளிப்பக்கத்துச் சில்லும். மழைத் தண்ணீர் தங்கும் இடம் அதுதான், மரம் இற்றுப்போவதும் பெரும்பாலும் அங்கேதான். மேல் சட்டம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

சோதிக்க ஒரு கூரான ஊசி போதும். மரத்தில் குத்தி, நெம்பிப் பாருங்கள். நீளமான சிம்பாகப் பிய்ந்து வந்தால் மரம் நல்ல மரம். துண்டு துண்டாகப் பொடிந்து வந்தால் அந்த இடம் உளுத்துவிட்டது. பெயின்ட் உரிந்திருப்பதை மட்டும் பார்த்து மரம் போச்சு என்று தீர்ப்பு எழுதக்கூடாது.

அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை, மர ஜன்னல் பழுதுபார்ப்புக்கென்றே 1981-ல் ஒரு கையேடு வெளியிட்டது. அது வேலையை மூன்று வகையாகப் பிரிக்கிறது.

முதல் வகை, வழக்கமான பராமரிப்பு. தேவைப்பட்ட இடத்தில் பழைய பெயின்டை நீக்குவது, காய்ந்து உதிர்ந்த லப்பத்தை எடுத்துவிட்டுப் புது லப்பம் வைப்பது, அறுந்த கயிற்றை மாற்றுவது, திரும்பப் பெயின்ட் அடிப்பது. திறக்கவே முடியாத பல ஜன்னல்களுக்கு வியாதி வேறொன்றுமில்லை. பெயின்ட் மேல் பெயின்ட் அடித்து ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். பெயின்ட் அடிக்கும்போது லப்பத்தைத் தாண்டிக் கண்ணாடியின் மேல் ஒன்றரை மில்லிமீட்டர் ஏறவேண்டும். அந்த மெல்லிய கோடுதான் தண்ணீர் உள்ளே இறங்காமல் தடுக்கிறது. அழகுக்காக அதைச் சுரண்டிவிடாதீர்கள்!

இரண்டாம் வகை, மரத்தைத் திடப்படுத்துவது. ஓரளவு கெட்ட மரத்தை நன்றாகக் காயவைத்து, பூஞ்சைக்கு மருந்திட்டு, எபாக்ஸி போன்றதை ஊற வைத்து இறுக்குவது, பள்ளங்களை நிரப்புவது.

மூன்றாம் வகை, ஒட்டுப் போடுவதும் பாகத்தை மாற்றுவதும். கெட்ட பகுதியை மட்டும் நல்ல மரம் தெரியும்வரை வெட்டி, அதே இன மரத்தில், ரேகை ஒரே திசையில் வரும்படி துண்டு சேர்ப்பது. அடிக்கட்டை முழுவதும் போயிருந்தால், மார்ட்டிஸ்–டெனன் இணைப்பைக் கழற்றி அந்த ஒரு கட்டையை மட்டும் புதிதாகச் செய்வது.

இதில்தான் பழைய ஜன்னலின் பெருமை இருக்கிறது. அது பாகம் பாகமாகக் கழலும். எந்தப் பாகம் கெட்டதோ அதை மட்டும் மாற்றலாம். மரமும் சாதாரண மரமில்லை. காட்டில் மெதுவாக வளர்ந்து, வளையங்கள் நெருங்கி, வைரம் பாய்ந்த மரம். தோட்டத்தில் வேகமாக வளர்த்து வெட்டும் இன்றைய மரத்தில் அந்த நெருக்கம் கிடைப்பது அரிது.

தொழிற்சாலையில் செய்து வரும் பி.வி.சி. ஜன்னலின் கதை வேறு. இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வாயுவை அடைத்து ஓரத்தில் சீல் வைத்திருப்பார்கள். அந்த சீல் என்றென்றைக்கும் நிற்காது. அது விட்டுப்போனால் உள்ளே ஈரம் புகுந்து கண்ணாடி நடுவில் பனி படிந்தது போல மங்கிவிடும். துடைக்க வழியில்லை, அந்த யூனிட்டையே மாற்றவேண்டும். அதே அளவில் யூனிட் அன்றைக்குக் கிடைக்காவிட்டால், முழு ஜன்னலுக்கும் ஆபத்து!

5. மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால்?

சில ஜன்னல்கள் உண்மையிலேயே கைமீறிப் போயிருக்கும். அப்போது போர்டு மாற்ற விடுகிறது. ஆனால் "அதே மாதிரி" என்றால் தூரத்தில் நின்று பார்க்கிற மாதிரி அல்ல. பார்ப்பவை இவை:

அ) நிலையின் அளவு. பழைய நிலைக்குள் புது நிலையைச் செருகினால் கண்ணாடிப் பரப்பு சுருங்கும், வெளிச்சமும் குறையும், முகப்பின் அளவுப் பொருத்தமும் கெடும்.

ஆ) க்ளேசிங் பார். பழையது கண்ணாடிக்கு வெளியே புடைத்து நின்று நிழல் விழவைக்கும். இரண்டு கண்ணாடிக்கு நடுவே பட்டையாக வைத்த போலிக் கட்டம் நிழல் தராது. ஜன்னல் தட்டையாக, உயிரில்லாமல் தெரியும்.

இ) சுவரின் வெளிமுகத்திலிருந்து ஜன்னல் எவ்வளவு உள்ளே தள்ளியிருக்கிறது என்பது.

ஈ) கண்ணாடிகளின் எண்ணிக்கை, திறக்கும் முறை, பொருள், நிறம்.

பழைய சட்டத்திலேயே இரட்டைக் கண்ணாடி போடலாமே என்று கேட்கலாம். ரிபேட்டில் ஆழம் இருந்தால் போடலாம். ஆனால் மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். கண்ணாடி 9 கிலோ, மரம் 4 கிலோ, மொத்தம் 13. ஒவ்வொரு எடையும் 6.5 கிலோ ஆகவேண்டும். பழைய 4.25 கிலோ இரும்பின் பருமன் சுமார் 590 க.செ.மீ. 6.5 கிலோ இரும்பு என்றால் சுமார் 900. மறைவுப் பெட்டியில் அதற்கு இடம் இருக்காது. ஈயத்தில் வார்த்தால்? 6.5 கிலோவுக்குச் சுமார் 573 க.செ.மீ. தான். பழைய இரும்பு இருந்த இடத்திலேயே அடங்கிவிடும்! டென்சிட்டி டேபிள் பரீட்சைக்கு மட்டுமில்லை நண்பர்களே, பயன்படவும் செய்யும்.

6. குளிரும் கரண்ட் பில்லும்

வீட்டுக்காரர் சொல்லும் முக்கிய காரணம் குளிர். பாஸ்டன் போன்ற ஊரில் அது நியாயமான காரணமும்கூட. அதையும் கணக்காகவே பார்ப்போம்.

வெப்பம் கடத்தும் அளவைக் குறிக்கும் யூ மதிப்பு ஒற்றைக் கண்ணாடிக்குச் சுமார் 5.8. அதன்மேல் "ஸ்டார்ம் விண்டோ" எனப்படும் இன்னொரு தனி ஜன்னலைப் பொருத்தினால் சுமார் 2.8. நவீன இரட்டைக் கண்ணாடி, வெப்பம் தடுக்கும் பூச்சு, ஆர்கான் வாயு எல்லாம் சேர்ந்தால் சுமார் 1.7. பரப்பு 1.5 ச.மீ., உள்ளுக்கும் வெளிக்கும் 20 டிகிரி வித்தியாசம் என்று வைப்போம். வெப்ப இழப்பு முறையே 174 வாட், 84 வாட், 51 வாட்.

புது ஜன்னலால் மிச்சம் 123 வாட். பழைய ஜன்னலை வைத்துக்கொண்டே ஸ்டார்ம் விண்டோ போட்டால் மிச்சம் 90 வாட். முக்கால் பங்கு பலன் அதிலேயே கிடைத்துவிடுகிறது! இடுக்குகளில் காற்றுத்தடுப்புப் பட்டை வைத்தால் இன்னும் நல்லது. 2012-ல் அமெரிக்கத் தேசியப் பாரம்பரிய அறக்கட்டளையின் ஆய்வும் இதே திசையில்தான் சொன்னது: பழைய ஜன்னலைச் செம்மைப்படுத்தினால் புது ஜன்னலுக்கு நெருங்கிய பலன், மிகக் குறைந்த செலவில். தெருத் தோற்றம் கெடும் என்று வெளிப்பக்கம் ஸ்டார்ம் விண்டோ வைக்க விடாத இடத்தில் உட்பக்கம் வைக்க வழியுண்டு.

7. மறுபக்கத்தையும் பார்ப்போம்

பழைய ஜன்னல் எல்லாம் தங்கம், புதியதெல்லாம் தகரம் என்று நான் சொல்லவில்லை. மூன்று நியாயமான எதிர்ப்புகள் இருக்கின்றன.

ஒன்று, ஈயம். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு ஈயப் பெயின்ட் 1978-ல் தடை செய்யப்பட்டது. அதற்கு முந்தைய ஜன்னலைத் திறந்து மூடும்போது உராய்ந்து தூசி விழும். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆகவே 1978-க்கு முந்தைய வீடுகளில் கூலிக்கு வேலை செய்பவர்கள் பயிற்சிச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்று 2010 முதல் விதி உண்டு. வெறும் உப்புத்தாளால் காய்ந்தபடி தேய்ப்பது, தீச்சுவாலையால் பெயின்டைப் பொசுக்குவது இரண்டும் ஆபத்து. நம் நாட்டிலும் வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டைச் சுரண்டப் போகிறவர்கள் இதை மறக்கவேண்டாம்.

இரண்டு, ஆள். ஒட்டுப் போடத் தெரிந்த தச்சர்கள் குறைவு. ஜன்னலை மாற்ற ஒரு நாள் போதும், பழுதுபார்க்கப் பல நாட்கள் ஆகும்.

மூன்றுதான் கனமானது: காசு. வசதியுள்ளவர் போர்டு சொன்னபடி செய்துவிடுவார். பென்ஷனில் காலம் தள்ளும் ஒரு மூதாட்டி என்ன செய்வார்? சார்ல்ஸ்டனிலேயே, ஆன்சன்பரோ என்ற பகுதியில் 1959 முதல் பழைய வீடுகளை வாங்கிச் சீர்செய்து விற்கும் திட்டம் நடந்தது. வீடுகள் பிழைத்தன. ஆனால் அங்கே வாடகைக்கு இருந்த ஏழைகள், குறிப்பாகக் கறுப்பின மக்கள், வெளியேற வேண்டியதாயிற்று என்ற விமர்சனம் இன்றும் உண்டு. வருமானம் தரும் பாரம்பரியக் கட்டடங்களுக்கு மத்திய அரசு 20 சதவீத வரிச் சலுகை தருகிறது. சொந்தமாகக் குடியிருப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஜன்னலைக் காப்பாற்றி, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவரை வெளியே அனுப்புவது பாதுகாப்பு ஆகாது. விதி போடுகிற ஊர், ஏழை வீட்டுக்குக் கடனோ மானியமோ கொடுக்கவும் வேண்டும் என்பது என் கருத்து.

8. நமக்கு இதில் என்ன வேலை?

பாண்டிச்சேரிக்குப் போனவர்கள் பிரெஞ்சுத் தெருக்களில் உயரமான ஜன்னல்களையும், பலகைச் சாய்வு வைத்த லூவர்டு கதவுகளையும் பார்த்திருப்பீர்கள். வெயிலைத் தடுத்துக் காற்றை விடுகிற அதே லூவர்டு கதவுகள் சார்ல்ஸ்டனிலும் உண்டு. தமிழர் பகுதியில் உள்ள வைசியாள் வீதியில், 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்ட உதவியோடு வீட்டு முகப்புகளைச் சீரமைத்தார்கள். 2008-ல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய–பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. ஆக, இந்த வேலை நமக்கு எட்டாத சமாச்சாரம் இல்லை.

சைட்டில் எஸ்டிமேட் போடப் போவது நாம்தான். "பழைய ஜன்னலைக் கழற்றிப் புதியது பொருத்துதல், 12 எண்ணம்" என்று ஒரே வரியில் எழுதுவது சுலபம். ஒவ்வொரு ஜன்னலாகப் போய் ஊசியால் குத்திப் பார்த்து, "1-ஆம் எண்: லப்பமும் கயிறும் மட்டும். 2-ஆம் எண்: அடிக்கட்டை மாற்றவும். 7-ஆம் எண்: முழுவதும் கெட்டது, அதே அளவில் புதிதாகச் செய்யவும்" என்று எழுதுவது கஷ்டம். முதல் எஸ்டிமேட்டில் பணத்தில் பெரும்பங்கு தொழிற்சாலைக்குப் போகும். இரண்டாவதில் உள்ளூர் ஆசாரியின் கைக்கு வரும். வீட்டுக்காரருக்கும் 12 ஜன்னலுக்குப் பதில் ஒரு ஜன்னல் செலவோடு போகலாம்.

ஆகவே நண்பர்களே, அடுத்த விடுமுறையில் உங்கள் தெருவிலோ தாத்தா வீட்டிலோ ஒரு பழைய ஜன்னலைத் தேர்ந்தெடுங்கள். அளவெடுத்துப் படம் போடுங்கள். எந்தெந்தப் பாகம் நல்லது, எது கெட்டது என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். பக்கத்து ஊரில் ஒட்டு வேலை தெரிந்த ஒரு மூத்த ஆசாரி இருந்தால் அவரிடம் காட்டி, "ஐயா, இதை எப்படிச் சரிபண்ணுவீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்வதில் பாதி எந்தப் பாடப் புத்தகத்திலும் இருக்காது. அவர் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்வோம்.